கச்சான் காற்றுக்கு நிற்கும் பூக்கள்

ஹப்புத்தளை
பங்குனி மாதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இங்கு நலம். உன் சுகமும் மாப்பிள்ளை, சின்னவன் சுகமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு ஏறும்போது மட்டும் வலிப்பதில்லை.

போனில் சொன்னால் நான் பாதியில் மறந்துவிடுவேன், நீ பாதியில் பிள்ளையைப் பார்க்க ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தையில் இங்கிருந்து நீ கொண்டுபோன ரோஸ், பிகோனியா, ஹைட்ரேஞ்சியா மூன்றும் செத்துப்போயின என்றாய். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை, இந்த ஊர் எனக்கு ஒத்துவராது போல என்றும் சொன்னாய். மகள், அதற்கு ஊர் என்ன செய்யும்? அவை 4,500 அடிக்கு மேலே பனியில் வளர்ந்த செடிகள். நீ இருக்கிற வவுனியா 300 அடிச் சொச்சம்தான். பிகோனியாவைக் கொண்டுபோய் அந்த வெயிலில் வைத்தது நம் பிழை. பஸ் ஏற்றிவிட்ட நானாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று யோசித்துப் பார். வைகாசிக்கு மேல் மழைக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி நம் ஊவாப் பக்கம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. அந்தக் காய்ந்த கச்சான் காற்றுதான் உங்கள் பக்கமும் வீசுகிறது. ஆடி, ஆவணியில் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாய் விழும், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். அந்த நாளிலும் நம் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால், அந்த இரண்டடி அகலத் துண்டில், பூ இல்லாமல் நீ பார்த்திருக்கிறாயா? குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் பூவுக்கு யார் ஊற்றினது?

தேயிலையும் அப்படித்தான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, அந்தக் காய்ந்த காற்றில் வருகிற கொழுந்துக்குத்தான் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நல்ல மணம் எழும், நல்ல விலையும் போகும். மழைக்காலத்தில் கூடை நிறையக் கொழுந்து வரும், மணம் வராது.

இதைத் தெரிந்துகொண்டே நான் ஒருமுறை முட்டாள்தனம் பண்ணினேன். துரை பங்களாவில் பூந்தோட்ட வேலைக்குப் போன புதிதில், ஆகஸ்ட் மாதம் விருந்தாளிகள் வருகிறார்கள், வாசல் நிறையப் பூ வேண்டும் என்று துரைசானி சொன்னார். நானும் கொஸ்மோஸ் பூ விதை போட்டு, தேயிலைக்குப் போடுகிற உரத்தில் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டு, தினமும் குழாயைத் திறந்துவிட்டேன். செடி என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. ஒரு பூ இல்லை! விருந்துக்கு முதல் நாள் காற்றில் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. தேயிலைக்கு வேண்டியது இலை, அதனால் அந்த உரமும் இலைக்கான உரம். பூச்செடிக்கு அதைக் கொடுத்தால் அதுவும் இலையாகவே போட்டுக்கொண்டு நிற்கும். விருந்தன்று பங்களாவில் சமைக்கிற அப்பு எங்கிருந்தோ பூ கொண்டுவந்து சாடியில் வைத்தார். எனக்குத் தேத்தண்ணீர் கூட இறங்கவில்லை.

சரி, இனி உன் வாசலுக்கு வருவோம். கேற்றிலிருந்து படி வரை சீமெந்துப் பாதை, இரண்டு பக்கமும் வெறும் துண்டு, நாள் முழுக்க வெயில் என்றாய். அது நல்ல இடம். ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதைவிட்டு முடிகிற வெயில் பூக்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாதையோரம் பத்துமணிப்பூ போடு. சீமெந்துச் சூடு மற்றச் செடியைக் கருக்கும், இதற்கு ஒன்றும் செய்யாது. சதைப்பற்றான இலையில் தண்ணீரை வைத்துக்கொள்ளும். அதன் விதை மணலைவிடப் பொடி. கொஞ்சம் மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாலே போதும், மண் போட்டு மூடாதே. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மப்பான நாளில் பூ விரியாவிட்டால் செடிக்கு நோய் என்று நினைத்துவிடாதே.

அதற்குப் பின்னால் சீனியா. இதை நேரே நிலத்திலேயே போடு. பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கிற செடி. ஒரு அடிக்கு ஒன்று விடு. நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் இலையில் சாம்பல் பூசினமாதிரி வெள்ளை படியும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. எப்படிக் கிள்ளுவது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, முப்பது வருடம் அம்மா தேயிலை மலையில் கொழுந்து பறித்துச் செய்த வேலைதான் அது. இரண்டு இலையும் குருத்தும். கிள்ளின இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று கிளை வரும், அத்தனையிலும் பூ வரும். விதை போட்டு இரண்டு மாதத்தில் முதல் பூவைப் பார்க்கலாம்.

கொஸ்மோஸில் ரோஸ் நிறத்தைவிட மஞ்சளும் செம்மஞ்சளும்தான் சூட்டைத் தாங்கும், அதையே அனுப்புகிறேன். வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் விதை கேட்க இங்கே வராதே, பெரிய அத்தை வீட்டுக்குப் போ. 1977 இனக்கலவரத்தோடு ஒரு தகரப்பெட்டியுடன் அங்கே வந்தவள், அந்த மண்ணைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். பட்டிப்பூ எந்த வெயிலுக்கும் அசையாது, ஆனால் விஷச்செடி. அதிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்றாலும், சின்னவன் கண்டதையும் வாயில் வைக்கிற வயதில் இருக்கிறான். இந்த வருடம் வேண்டாம்.

உங்கள் செம்மண் காய்ந்தால் பாறை. இப்போது தட்டினால் கைதான் வலிக்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி மாலையில் இடி மழை வரும் அல்லவா? முதல் மழை பெய்த மறுநாள் மாப்பிள்ளையை ஒரு முழ ஆழத்துக்குக் கொத்தச் சொல். மக்கின மாட்டெரு மூன்று அடி நீளத்துக்கு ஒரு கூடை போதும், அதற்கு மேல் போடாதே. நாலு விரல் உயரத்துக்கு மண்ணை அணைத்து மேடாக்கி, அதில் விதையைப் போடு. வைகாசிக் கடைசியில் காற்று எழும்பும் முன் வேர் இறங்கிவிட வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர். முளைத்து இரண்டு மூன்று வாரம் தினமும் கொஞ்சம் தெளி. அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை. செடி ஒரு முழம் வந்தபின் வாரத்துக்கு ஒருமுறை, ஆனால் அன்றைக்கு அடிமண் நனைய ஊற்று, காலையில், இலையில் படாமல் வேரடியில். தினமும் ஒரு கோப்பை ஊற்றினால் வேர் மேலேயே சோம்பிக் கிடக்கும், ஒரு நாள் நீ ஊரில் இல்லாவிட்டால் செத்துப்போகும். கீழே ஈரம் இருந்து மேலே இல்லாவிட்டால்தான் வேர் தேடிக்கொண்டு போகும். பகல் பன்னிரண்டு மணிக்கு இலை தொங்கினால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அந்த வெயிலில் நானும்தான் தொங்குவேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார், அப்போதும் தொங்கினால் அது தாகம். ஆவணியில் கிணறு இறங்கும்போது அரிசி கழுவின தண்ணீரே போதும்.

நாங்கள் இங்கே செடியடிக்கு மானாப்புல் வெட்டிப் போடுவோம். உனக்கு வைக்கோல் கிடைக்கும். கறையான் வரும் என்று மாப்பிள்ளை சொல்வார், வரும்தான். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு.

பூ காய்ந்தால் உடனே கிள்ளிவிடு. விதை பிடித்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று செடி நின்றுவிடும், கிள்ளக் கிள்ள இன்னும் பூக்கும். புரட்டாசிப் பூக்களை மட்டும் விட்டுவை. தலை காய்ந்து பழுப்பானதும், மாரி தொடங்குமுன் பறித்து, கடதாசியில் மடித்து வை. பொலித்தீனில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

நம் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வருகிற வெள்ளிக்கிழமை வவுனியாவுக்கு வருகிறான். அவனிடம் நாலு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன், பேர் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதாக ஈரத்துணி சுற்றின ஒன்று இருக்கும். அது ஹைட்ரேஞ்சியாக் கொப்பு. நான் எவ்வளவோ சொல்லியும் அம்மா கேட்கவில்லை, போன முறை நட்டது சரியில்லை என்கிறாள். கிணற்றடியில் நிழல் பார்த்து நட்டு வை. ஆடி வரை போவது கஷ்டம். போனால் அம்மாவிடம் சொல்லாதே, கேட்டால் இலை விடுகிறது என்று சொல்லிவிடு.

அன்புடன்
அப்பா