பிப்ரவரி 22 பேச்சு நாள்: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் நிலைப் பிள்ளைகளின் இந்த மாதப் பேச்சுத் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்: "தமிழ்ப் பள்ளியில் எதற்குங்க கறுப்பினப் பெண்களின் சொராரிட்டி பற்றி?" சொராரிட்டி என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவியர் சேரும் சங்கம். நியாயமான கேள்விதான். போன ஞாயிறு வாசலில் காபியும் கையுமாக நின்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தலைப்பை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கமலா ஹாரிஸ் ஏன் அடிக்கடி முத்து மாலை போடுகிறார் என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். கமலா வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1986-ல், ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தார். அதை நிறுவியவர்கள் என்று இருபது பேரைச் சொல்வார்கள், ஆளுக்கொரு முத்து. சொராரிட்டிக்குத் தமிழில் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. நான் 'சகோதரியர் சங்கம்' என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "அக்கா சங்கம்" என்றான். பலகையில் அவன் சொன்னதுதான் இன்னும் அழியாமல் இருக்கிறது.

1908 ஜனவரி 15 அன்று, நம்மில் பலர் தினமும் வேலைக்குப் போகும் அதே வாஷிங்டனில், எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி முன்னின்று தொடங்கிய சங்கம் இது. ஐந்தே ஆண்டில் உள்ளுக்குள் கருத்து வேறுபாடு. 22 பேர் வெளியேறி, 1913-ல் டெல்டா சிக்மா தீட்டா என்று தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். சங்கம் என்றால் பிளவும் உண்டு என்பது நமக்குத் தெரியாததா! ஆனால் பிரிந்தவர்கள் அதே ஆண்டு மார்ச் 3 அன்று, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த பேரணியில் போய் நின்றார்கள்.

பிள்ளைகள் வரைந்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழைய கார். 1935-ல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்துப் பெண்கள், மருத்துவர் டோரத்தி ஃபெரபீயும் ஆசிரியை ஐடா ஜாக்சனும் வழிநடத்த, மிசிசிப்பியின் ஏழைக் குடியானவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டார்கள். ரயிலில் நிறப் பாகுபாடு. சொந்தக் கார்களில் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தால், பண்ணையார்கள் ஆட்களை வயலை விட்டு முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். சரி என்று கார்களையே நடமாடும் மருத்துவமனையாக்கிப் பண்ணைகளுக்கே போய், குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள்.

நாசாவின் கணித வல்லுநர் கேத்தரின் ஜான்சனும் இந்தச் சங்கம்தான். அவர் பிறந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியே கிடையாது. அப்பா வேலைக்காக ஊரிலேயே தங்க, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுமார் 120 மைல் தள்ளி வீடு பிடித்துப் படிக்க வைத்தார். பதினெட்டு வயதில் பட்டம். 1962-ல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், கணினி கொடுத்த எண்களை அந்தப் பெண் கையால் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று கேட்டது இவரைத்தான். ஞாயிறு காலை தூங்குகிற பிள்ளையை எழுப்பி இருபது மைல் ஓட்டி வரும் உங்களுக்கு அந்த அம்மாவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

மே ஜெமிசன் இதன் கௌரவ உறுப்பினர். 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். சங்கத்தின் கொடியையும் கூடவே கொண்டு போனார்.

கமலாவின் அரசியலைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வீட்டுக்கு வீடு கருத்து வேறு. அவருடைய அம்மா சியாமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். 1958-ல் பத்தொன்பது வயதில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த அந்தத் தமிழ்ப் பெண்ணைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த கறுப்பின மாணவர்கள். அன்றைக்கு இந்தியர்கள் இங்கே குடியேற ஆண்டுக்கு 100 இடம்தான். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டங்களின் சூட்டில் 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியது. அந்தச் சட்டம் திறந்த கதவு வழியாகத்தான் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை உள்ளே வந்தன. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

இனி வேலை விஷயம். பேச்சு மூன்று நிமிடம். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அவர்கள் எழுதியதில் பிழை மட்டும் திருத்துங்கள். 'தொண்டை அடைப்பான்' எல்லாருடைய வாயிலும் சிக்குகிறது, நாலு தடவை சொல்லிப் பார்க்கட்டும். காலை பத்து மணிக்குத் தொடக்கம். சுண்டல் கொண்டுவர இரண்டு வீடு தேவை. இளஞ்சிவப்பும் பச்சையும் சங்கத்தின் நிறங்கள், அந்த நிறத்தில் பாவாடை சட்டை போட்டு வரலாம். சங்கத்தின் எழுத்துகள் அச்சிட்ட சட்டை மட்டும் வேண்டாம். உறுப்பினர் அல்லாதவர்கள் அதை அணிவதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்