புனித யூதா ததேயு பக்தசபை: செயலாளரின் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை நவநாள் (ஒன்பது வாரம் தொடர்ந்து வேண்டும் செபம்) ஆண்டு முழுவதும் தடையின்றி நடந்தது. அக்டோபர் 19-ல் கொடியேறி, 28-ல் திருவிழாத் திருப்பலி, சப்பரப் பவனி, அசனம் என்னும் பொது விருந்து எல்லாம் நல்லபடி முடிந்தன. இறந்த உறுப்பினர்களுக்காக நவம்பரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம்.

புனிதரின் சுரூபத்தை, அதாவது சிலையை, புதுப்பித்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு இப்போது என்ன அவசரம் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். தவக்காலத்தில், சுரூபம் நிற்கும் சிறு கோயிலான கெபியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். புனிதரின் தலைமேல் இருக்க வேண்டிய தீநாக்கு உடைந்துபோய் வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. மார்பிலுள்ள பதக்கத்தில் மெழுகுவர்த்திக் கரி படிந்து ஆண்டவரின் முகமே தெரியவில்லை. அந்த வாரம்தான் நவநாளுக்கு வந்த ஒரு சிறுவன், "காட்டிக்கொடுத்தவருக்கு எதுக்கும்மா மாலை?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

இயேசுவின் சீடரான நம் புனிதருக்கும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் இஸ்காரியோத்துக்கும் ஒரே பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் வெகுகாலம் யாரும் இவரிடம் வேண்டாமல் ஒதுங்கினார்கள் என்றும், அதனாலேயே வழியற்றவர்களுக்கு இவர் துணையானார் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். யோவான் நற்செய்தி 14:22-ல் இவர் இஸ்காரியோத்து அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அந்த வசனத்தை நவநாள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட்டோம். விவிலியத்தில் அவர் பெயரால் வழங்கும் திருமுகத்தின் (கடிதத்தின்) 25 வசனங்களையும் சேர்த்தோம். உடைந்த தீநாக்குக்குப் பதிலாக, பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியாகச் சீடர்கள்மேல் இறங்கிய நெருப்பைத் தச்சர் தேக்கில் செதுக்கிக் கொடுத்தார். பதக்கத்தை நானே பஞ்சும் தேங்காய் எண்ணெயும் வைத்து மூன்று சாயங்காலம் துடைத்தேன். இப்போது வாசலில் நின்றாலே அந்த முகம் தெரிகிறது.

அடுத்தது, சொல்லாமல் இருக்க முடியாத ஒன்று. விண்ணப்பப் பெட்டி வாராவாரம் நிறைகிறது. நன்றிச் சீட்டு எப்போதாவது ஒன்று வருகிறது. விசாவுக்காக ஒன்பது வாரம் முன்வரிசையில் முழங்காலில் இருந்தவர்களை, விசா வந்த பிறகு காணோம். அவர்கள் நன்றாயிருக்கட்டும். ஆனால் இந்த வருஷம் சப்பரம் தூக்க ஆள் போதாமல், விருந்துக்கு வந்த என் மருமகன் தோள் கொடுத்தார். சந்தாவிலும் பாதிக்கு மேல் பாக்கி. இட்லி விற்கும் ஒரு அம்மா மட்டும் ஜனவரியிலேயே சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சுரூப வேலையில் விழுந்த துண்டைச் சமாளித்துவிட்டோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

பங்குத்தந்தைக்கும் அருட்சகோதரிகளுக்கும் பாடகர் குழுவுக்கும் பந்தல்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரே வேலைதான். கெபிக் கூரை ஒழுகி, புனிதரின் இடது தோளில் சொட்டுகிறது. இப்போதைக்கு பிளாஸ்டிக் தாள் கட்டியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு அது தாங்காது. கூரை போட்டுவிட்டால் பொறுப்பை இளையவர் ஒருவரிடம் நிம்மதியாக ஒப்படைப்பேன். சந்தா நோட்டு கூட்டம் முடியும்வரை வாசல் மேசையில் இருக்கும்.

செயலாளர்