கண்ணாடி போன கதை

திருவட்டாறு
ஐப்பசி 27

அன்புள்ள செல்லப்பனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியதா? உன் முழங்காலை மட்டும் நான் விசாரிக்கப்போவதில்லை; விசாரித்தால் அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதுவாய்.

பங்குனியில் நீ போட்ட கடிதம் எட்டு மாதமாக மேசை இழுப்பறையில் கிடந்து என்னை முறைக்கிறது. பதில் எழுதாததற்குச் சொல்லும்படியான காரணம் ஒன்றுமில்லை. ரப்பர் விலையைத் திட்டியும் வாழையைச் சாய்த்த காற்றைத் திட்டியும் நாட்கள் போய்விட்டன. இப்போது எழுதத்தான் காரணம் வந்திருக்கிறது. போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். ஒரு வருடமாக நான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறேன் என்பது உனக்குத் தெரியும். நான் ‘ஹலோ’ சொல்வதற்குள் சாவித்திரி அடுப்படியிலிருந்தே உனக்குப் பதில் சொல்லிவிடுகிறாள். இது அவள் கேட்கக்கூடாத சங்கதி.

தீபாவளிக்குப் பெரியவன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தான். நான்கு நாள். பேரனுக்குப் பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. இரண்டும் என்னைத் தாத்தா என்கின்றன. நம் ஊரில் பாட்டா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாட்டா என்றால் செருப்பு என்று சிரிக்கிறான் பயல். வந்த அன்றே மருமகள், “மாமா, இந்தத் தடவை கடற்கரை வேண்டாம். வள்ளுவர் சிலையை மூன்று முறை பார்த்தாகிவிட்டது” என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! குமரி மாவட்டம் என்றால் முக்கடலும் சூரிய அஸ்தமனமும்தான் என்று நினைக்கிறவர்களைப் பார்த்து நாம் எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறோம். கோதையாற்றுப் பள்ளத்தாக்கை நான் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நம் கணக்கு வாத்தியாரின் சுற்றுலாத் திட்டம் போலவே எல்லாம் எழுதி வைத்தேன், பொட்டலத்தில் இட்லி எத்தனை என்பது உட்பட.

முதல் நாள் மாத்தூர். தொட்டிப்பாலத்தில் நான் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை நடந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். நடந்தேன். 115 அடி உயரம், 1240 அடி நீளம், 28 தூண். நடுவில் நின்று கீழே பரளியாற்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது சற்று அதிகம், பார்த்ததாகச் சொன்னேன். ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி அதில் எதற்காக இன்னொரு தண்ணீரை விடுகிறார்கள் என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குக் கால்வாய் போக வேண்டும், இடையில் பள்ளமும் ஆறும் கிடக்கின்றன, கால்வாய் பள்ளத்தில் இறங்கினால் திரும்ப ஏறாது, அதனால்தான் 1966-ல் அதைத் தொட்டியில் வைத்து ஆகாயத்தில் கொண்டுபோனார்கள், விளவங்கோட்டுக்கும் கல்குளத்துக்கும் அதில் பாசனம் என்று விளக்கினேன். முகத்தில் மரியாதை தெரிந்தது. அந்த மரியாதைதான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாள் பேச்சிப்பாறை. நீர்த்தேக்கம் நிறைந்து கிடந்தது; மலை நிழல் தண்ணீரில் விழுந்து இரண்டு மலையாகத் தெரிந்தது. அக்கரையில் இருக்கும் காணிப் பழங்குடிக் குடியிருப்புக்காரர்கள் படகில் வந்து, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். நாம் வேடிக்கை பார்க்கிற தண்ணீர் அவர்களுக்குச் சாலை. மிஞ்சின் துரையின் கல்லறைக்கும் அழைத்துப்போனேன். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த வேலை. கட்டியவர் அந்த அணைக்கரையிலேயே படுத்திருக்கிறார். பேத்தி ஒரு காட்டுப்பூவைப் பறித்து அங்கே வைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. பேரனுக்கு மிஞ்சினும் வேண்டாம், 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டுமாகக் கோதையாற்றில் இரண்டு மின்நிலையம் இருப்பதும் வேண்டாம்; அரிக்கொம்பன்தான் வேண்டும். 2023-ல் அதை மேல்கோதையாற்றில் கொண்டுவந்து விட்டதிலிருந்து நம் மலைக்கு வந்த ஒரே பெருமை அந்த யானைதான் போலிருக்கிறது. மேல்கோதையாற்றுக்கு நம் பக்கமிருந்து காரில் போக முடியாது, திருநெல்வேலி போய் மாஞ்சோலை வழியாகச் சுற்ற வேண்டும் என்றதும் பயலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. வழியில் பழம்பொரியும் கட்டன்சாயாவும் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன். ஒரு படலை மட்டிப்பழத்தை இரண்டு பிள்ளைகளுமே தின்று தீர்த்தார்கள்.

இனி மூன்றாம் நாள்.

குளிக்கத் திற்பரப்பு அருவி என்பது திட்டம். போய் இறங்கினால் குளிக்கத் தடை. மேலே மழை பெய்து பேச்சிப்பாறை நிரம்பியதால் உபரிநீர் திறந்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்புக்குத்தானே வர வேண்டும்? அகலப் பாறை முழுவதையும் மூடிக்கொண்டு, ஐம்பது அடி உயரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. படகுச் சவாரியும் நிறுத்தம். மகாதேவரைக் கும்பிட்டோம். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது கோயில் என்று சொல்லி, ஆறாவதான பன்னிப்பாகத்தில் நீ உட்கார்ந்துவிட்ட கதையையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் துண்டும் மாற்றுத்துணியுமாகப் பிள்ளைகள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்: “அணை திறப்பதால்தானே இங்கே தடை? அணைக்கு மேலே போய்விட்டால் திறப்பதற்கு ஷட்டர் ஏது?”

மகன் தயங்கினான். “அப்பா, மேலே மழை பெய்கிறதே.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டேய், நான் ஆற்றங்கரையில் பிறந்தவன்.” நீ இருந்திருந்தால் என் வாயை அடைத்திருப்பாய்.

குற்றியாற்றுக்குப் போகும் வழியில், ரப்பர்த் தோட்டத்துக்குள் இறங்கினால் ஒரு ஓடை வருமே, நாம் பரீட்சை முடிந்த அன்று போய்க் கிடந்த இடம், அங்கேதான் போனோம். ஓடை அப்படியே இருக்கிறது. மரங்கள்தான் வேறு, பழைய மரங்களில் பாதியை ஒக்கிப் புயல் கொண்டுபோய்விட்டது. கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி போல. தலைக்கு மேலே நல்ல வெயில். மகனும் மருமகளும் சாப்பாட்டுக் கூடையை எடுத்துவரக் காருக்கு ஏறினார்கள். பேரன் கரையோரம் மீன்குஞ்சுக்குப் பின்னால் அலைந்தான். பேத்தி நடு ஓடையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தாள். நான் கரைப்பாறையில் சாய்ந்து, 2017 நவம்பர் 30-ல் ஒக்கி எப்படி வந்தது, ஒவ்வொரு மரமும் எப்படி முறிந்தது என்று சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மக்கா, ஆறு பெருகுவதற்கு முன்னால் என்னென்ன நடக்கும் என்று எனக்கு நீயா சொல்லித்தர வேண்டும்? தண்ணீர் கலங்கும். சருகும் ரப்பர்க் காய்த்தோடும் மிதந்து வரும். இரண்டுக்கும் முன்னாலேயே சத்தம் மாறும். மேலே எங்கோ லாரி வருவது போல ஒரு முனகல். உன் அப்பா அந்த முனகலைக் கேட்டுத்தானே நம் எல்லோரையும் காதைப் பிடித்துக் கரையேற்றுவார். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, பேரனைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தத்தை நம்பியிருந்தேன்.

சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மேட்டில் ரப்பர் மரங்களில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் கையை ஆட்டுவது தெரிந்தது. வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். (சிரிக்காதே.) அவள் சாக்கைப் போட்டுவிட்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் திரும்பினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. பேத்தியின் தொங்கிய கால் முட்டிவரை உள்ளே. அவளுக்கும் எனக்கும் இடையே பத்தடிகூட இருக்காது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் அதைத் தாண்டிக் குதித்துப் போயிருந்தாள்.

இறங்கினேன். போகும்போது தொடையளவு. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பும்போது அதற்கு மேல். கரைக்கு இரண்டு எட்டு இருக்கையில் பாசியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த மாத்திரத்தில் தண்ணீர் நெஞ்சில் மோதித் தள்ளியது. கண்ணாடி போனது. ஒரு செருப்பு போனது. பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘பாட்டா, பாட்டா’ என்றாள். அந்த நேரத்தில் பார், பாட்டா என்றாள்.

அந்தப் பெண் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, முதலில் பிள்ளையைப் பிடுங்கிக் கரையில் போட்டாள். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நாற்பது கிலோ இருப்பாளா? என்னை இழுத்துப் போட்டுவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒரே கேள்வி: “காலையிலிருந்து மலையில் இடி முழங்குகிறதே, காது கேட்காதா?”

என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பேத்தி உட்கார்ந்திருந்த பாறை இல்லை. இருக்கிறது, தண்ணீருக்கு அடியில். மகன் கூடையோடு இறங்கி வந்தபோது நாங்கள் மூவரும் நனைந்து நின்றோம். “தண்ணீர் கூடியது, ஏறிவிட்டோம், கண்ணாடி விழுந்துவிட்டது” என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். பேரன் என்னைப் பார்த்தான். பேத்தி என்னைப் பார்த்தாள். இரண்டும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் அதற்குள் சாக்கைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தேன் என்று யாராவது கேட்டால், பொய்யைத்தான் கொடுத்தேன்.

அவர்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. எனக்குத் தூக்கம் சரியில்லை. தண்ணீர்கூடக் கனவில் வருவதில்லை; வெயிலும், அந்தப் பெண் கையாட்டுவதும், நான் பதிலுக்குக் கையாட்டுவதும்தான் வருகிறது. ஒரு சத்தமும் இல்லாமல். மகன் இரண்டு வருடமாகக் காது கருவி வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு எதற்கு, நீங்கள்தான் முணுமுணுக்கிறீர்கள் என்று நான் அவன்மேல் எரிந்து விழுவேன். திற்பரப்பில் தடை போட்ட காவலரை அன்று காலையில் என்ன பேச்சுப் பேசினேன் என்று நினைத்தால் கூசுகிறது. அவர் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் இருந்தது, தடுத்தார். என் கண்ணுக்கு முன்னால் வெயில்தான் இருந்தது. மழை எங்கோ பெய்ய, ஆறு இங்கே வரும் என்பதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

வெள்ளிக்கிழமை குலசேகரத்தில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் பஸ்ஸில் போனேன். விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சேலையை வாங்கிக்கொண்டாள், விலையைப் பார்த்து அதற்கும் திட்டினாள். சென்ற வருடம் இதே ஓடையில் வெளியூர்ப் பையன்களை இப்படித்தான் விரட்டினாளாம். “அவர்களுக்குத் தெரியாது, திட்டினால் கேட்பார்கள். உள்ளூர்க் கிழவர்களைத்தான் நம்ப முடியாது” என்றாள். கட்டன்சாயா போட்டுத் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

சாவித்திரியிடம் புதுக் கண்ணாடிக்குக் கணக்குச் சொல்லியாகிவிட்டது. காது கருவிக்குச் சம்மதம் என்று நேற்று மகனிடம் சொன்னதிலிருந்து அவளுக்குச் சந்தேகம் வந்து, சாப்பாடு போடும்போதெல்லாம் என் முகத்தைப் படிக்கிறாள். இதற்கிடையில் இன்று காலை பேத்தி அவள் அம்மாவின் போனிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறாள்: ‘பாட்டா, அந்த அத்தை நம்மை இழுத்ததை அப்பாவிடம் சொல்லலாமா? இல்லை, வேண்டாமா?’ அம்மாவின் போனிலிருந்து! பிள்ளைக்கு அது தோன்றவில்லை. மருமகள் இதற்குள் படித்திருப்பாளா, படித்தும் பேசாமல் இருக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. பதில் அனுப்பாமல் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீயே சொல். நானே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடவா? சொன்னால் இனி பிள்ளைகளை என்னோடு தெருமுனைக்குக்கூட அனுப்பமாட்டான், அதுவும் நியாயம்தான். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும்?

தை பிறந்த பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். முழங்காலையும் தூக்கிக்கொண்டு நீ வா. ஆற்றில் இறங்க வேண்டாம், அணைக்கரையில் உட்காரலாம். மரச்சீனியும் மீன்கறியும் சாவித்திரி பொறுப்பு. ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதிலை வீட்டு முகவரிக்குப் போடாதே, அவள் பிரித்துவிடுவாள். பழையபடி நூலகத்து முகவரிக்கே போடு. சீக்கிரம் போடு.

உன்,
தாணு