வெள்ளிக்கிழமை மாத்திரை

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. மாடி வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. வேறு சேதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். குளிருக்கு அப்படிப் பிடிப்பதுண்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. உன் மூட்டு நோயைப் பற்றி, அந்த முடக்குவாதத்தைப் பற்றி, உனக்குத் தெரிந்ததையேதான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

உன் ரிப்போர்ட்டில் ஆன்டி-சிசிபி என்று ஒரு வரி இருந்ததே, அதன் ஆரம்பம் பிஏடி என்ற நொதி. புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றுவது அதன் வேலை. எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான், வீக்கம் உள்ள இடத்தில் கூடுதலாக நடக்கும். சிலருடைய நோய் எதிர்ப்புச் செல்கள் மட்டும் அந்தச் சிட்ருலினை வெளியாள் என்று எண்ணி ஆன்டிபாடி செய்துவிடுகின்றன. அதுதான் ஆன்டி-சிசிபி, மூட்டு வலிக்கப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். சிகரெட் புகை இதைக் கூட்டும். ஈறைக் கெடுக்கும் போர்ஃபிரோமோனாஸ் கிருமியிடமும் இதே வேலையைச் செய்யும் சொந்த நொதி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போ என்று நான் நச்சரிப்பது அதற்காகத்தான். போனாயா?

அடுத்து உன் வெள்ளிக்கிழமை மாத்திரை, மெத்தோட்ரெக்சேட். 'கேன்சர் மாத்திரையா இது' என்று அன்று உன் மாமியார் கேட்டது உன் மனதில் தங்கிவிட்டதோ என்னவோ. இந்த மருந்துக் குடும்பத்துக்கு வழி போட்ட யெல்லப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவருடைய குழு செய்த அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948இல் சிட்னி ஃபார்பர் முடிவை வெளியிட்டார். அதன் தம்பிதான் உன் மாத்திரை. ஆனால் கேன்சருக்குக் கொடுக்கும் அளவு வேறு, உனக்கு வாரத்துக்கு 15 மில்லிகிராம்தான். செல்லுக்குள் போனதும் அங்குள்ள ஒரு நொதி அதற்குக் குளூட்டமேட்டால் வால் கட்டிவிடும். வால் நீண்ட மருந்து சுலபத்தில் வெளியே வராது. வாரம் ஒருநாள் போட்டால் போதும் என்பது அதனால்தான். உள்ளே தங்கி ஏடிஐசி என்ற நொதியை அது தடுக்க, அடினோசின் வெளியே சேர்கிறது. துள்ளுகிற செல்களை அடக்குவது இந்த அடினோசின். எல்லாம் மெல்ல நடப்பதால் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

நிறுத்தினாலும் அதே கதைதான். வலி மறுநாளே வராது. சில வாரம் நன்றாகவே இருக்கும், 'மாத்திரை இல்லாமலே இருக்க முடிகிறதே' என்று தோன்றும். பிறகு ஒரு நாள் காலையில் விரல் மடங்காது. அதற்குள் மூட்டில் எலும்பு அரித்துப்போயிருந்தால் எந்த மாத்திரையும் அதைத் திருப்பித் தராது.

வாரம் ஒருநாள்தான், மீனா. தினமும் போட்டு வாய் வெந்து, ரத்த அணுக்கள் இறங்கி உயிரே போனவர்கள் உண்டு. மாத்திரை அட்டையில் 'வெள்ளி' என்று எழுதி வை. ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், வேறு நாளில். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோ-ட்ரைமாக்சசோல் எழுதினால் வேண்டாம் என்று சொல், இரண்டும் ஃபோலேட் என்ற வைட்டமினையே தடுப்பதால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். ரத்த அணுக்கள், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், மூன்றையும் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். மேடையில் நீ பேசிய படத்தை அப்பா பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். பத்துப் பேருக்கு வேலை சொல்கிற உனக்கு, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லை.

டாக்டர் சொன்ன இன்னொரு மாத்திரை, டோஃபாசிடினிப் பற்றி இணையத்தில் படித்துப் பயந்திருப்பாய். வீக்கத்தைத் தூண்டும் ஐஎல்-6 போன்ற சேதிப் புரதம் செல்லின் கதவைத் தட்டும்போது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜேக் நொதிகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றி, ஸ்டாட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்புகின்றன. அந்த மாத்திரை ஜேக்குகளின் கையைப் பிடித்துக்கொள்கிறது. முழுதாகப் பிடிக்கக் கூடாது, பிறவியிலேயே ஜேக்-3 இல்லாத குழந்தைகள் எந்தக் கிருமியையும் தாங்குவதில்லை. 2021இல் அமெரிக்காவில் வந்த எச்சரிக்கை முக்கியமாக 50 வயது தாண்டிய, இதய ஆபத்து உள்ளவர்களிடம் நடந்த ஆய்விலிருந்து வந்தது. உனக்கு 31. ஆனால் நம் ஊரில் டிபி மறைந்திருக்கும், மார்பு எக்ஸ்ரேயும் டிபி பரிசோதனையும் பார்க்காமல் தொடங்காதே. அக்கி வரலாம், அதற்குத் தடுப்பூசி உண்டா என்று கேள். டோஃபாசிடினிப் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் மருந்து, தினம் இரண்டு வேளையும் தவறக் கூடாது.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் மெத்தோட்ரெக்சேட்டை 3 மாதம் முன்பே விடவேண்டும். டோஃபாசிடினிபும் ஆகாது. ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, டாக்டரிடம் சொல்லி ஹைட்ராக்சிக்ளோரோகுயினுக்கோ சல்ஃபசலசீனுக்கோ மாறிக்கொண்டு விடுவது வேறு. அவை கர்ப்பத்திலும் கொடுப்பவை. ஃபோலிக் அமிலம் தொடரும். நாள் தள்ளிப்போயிருந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி அன்றே டாக்டரைக் கூப்பிடவேண்டும். மாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை, என்னிடம்கூட வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் போதும்.

விஜயா அத்தையின் கையைப் பார்த்தவள் நான். நொதியைப் பாடமாக நடத்தியவள். உன் விரல் காலை பத்து மணி வரை மடங்காமல் இருந்தபோது 'ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான்' என்று திட்டினேன். வெந்நீர் ஒத்தடம், பிறகு தைலம், ஒன்றரை வருஷம். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, ரிப்போர்ட்டில் ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. தெரியாமல் செய்யவில்லை, மீனா. மருந்து நன்றாக வேலை செய்யும் அந்த முதல் மாதங்களை உன்னிடமிருந்து நான்தான் எடுத்துக்கொண்டேன். உன் வலது நடுவிரல் அதனால்தான் அப்படி இருக்கிறது. இதை நேரில் சொல்ல எனக்கு வரவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. ராத்திரி ஒன்பது மணிக்கு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் கூப்பிட மாட்டேன்.

அம்மா