பதினொன்றாம் வகுப்பு ஓவிய மாணவர்களின் எதிர்கால இதழ்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பு ஓவியப் பிரிவு மாணவர்கள் 24 பேரும் சேர்ந்து அடுத்த வாரத்திலிருந்து ஓர் இதழ் தயாரிக்கிறார்கள். இன்னும் 50 ஆண்டுகள் கழித்து வாழ்க்கை எப்படி இருக்கலாம் என்பதே அதன் பொருள். எழுதுவது, வரைவது, அச்சிடுவது, கட்டுவது எல்லாமே அவர்கள் வேலை. மொத்தம் 8 வாரம். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்தபின் 90 நிமிடம்.

இந்த நாட்களில் பிள்ளைகள் வீட்டில் செய்யும் சில காரியங்கள் உங்களுக்குப் புதிராக இருக்கும். கறுப்பு மையில் மட்டுமே வரைவார்கள். ஒரே படத்தை இரண்டு தாளில் பாதி பாதியாகப் பிரித்து வரைவார்கள். பழைய தண்ணீர்க் கட்டண ரசீதைக் கேட்டு வாங்கி வரிவரியாகப் படிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அதையும், நீங்கள் எங்கே துணை நிற்கலாம், எங்கே கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் காலம். 10 ஆண்டு என்று வைத்தால் கற்பனை இன்றைய கைபேசியின் அடுத்த மாடலோடு நின்றுவிடும். 500 ஆண்டு என்றால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. 50 ஆண்டு கழித்து இந்தப் பிள்ளைகள் அறுபதைத் தாண்டியிருப்பார்கள். தாங்களே வாழப்போகும் காலத்தைத்தான் வரைகிறார்கள் என்பதால் பொறுப்பு தானாக வந்துவிடும்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் எதிர்காலவியல் கற்பித்த ஜிம் டேட்டர், மனிதர்கள் சொல்லும் எதிர்காலக் கதைகளை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றைய வளர்ச்சி அப்படியே தொடர்வது ஒன்று. அமைப்புகள் சரிந்துபோவது இரண்டாவது. பற்றாக்குறையைச் சமாளிக்கச் சமூகம் தனக்குத் தானே கட்டுப்பாடு விதித்துக்கொள்வது மூன்றாவது. தொழில்நுட்பமோ நம்பிக்கையோ வாழ்க்கையை அடியோடு மாற்றிவிடுவது நான்காவது. எங்கள் இதழுக்கு ஆறு பொருள்களை எடுத்திருக்கிறோம்: நீர், வீடு, வேலை, கல்வி, மருத்துவம், மொழி. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குழு. குழுவில் ஆளுக்கு ஒரு வகை எதிர்காலம். ஆகவே உங்கள் மகளோ மகனோ ‘நீர், சரிவு’ அல்லது ‘மொழி, வளர்ச்சி’ என்று ஒரே ஒரு கட்டத்துக்குச் சொந்தக்காரர். அந்தக் கட்டத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்போம். பிடித்ததை எடுக்கச் சொன்னால் பாதிப் பேர் சரிவையே எடுப்பார்கள். இடிந்த கட்டடம் வரைவது எளிது, பார்க்கவும் அழகாக இருக்கும்.

இங்கேதான் பெரும்பாலான எதிர்காலப் படங்கள் சறுக்குகின்றன. வளர்ச்சி என்றதும் பறக்கும் கார், சரிவு என்றதும் பாழடைந்த நகரம் என்று கை தானாகப் போகும். அவை பார்த்துப் பழகிய படங்களின் நகல். அதைத் தடுக்க ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒவ்வொரு ஏட்டின் (முன்னும் பின்னும் அச்சாகும் ஒரு தனித்தாள்) முன்பக்கத்திலும் அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருக்கும் ஒரு காகிதம் இருக்க வேண்டும். ரசீது, மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காணவில்லை அறிவிப்பு, மதிப்பெண் பட்டியல், எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவரின் ஒரு நாளை ஏட்டின் பின்பக்கத்தில் வரைய வேண்டும்.

‘நீர், கட்டுப்பாடு’ கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தண்ணீர் ரசீது தேவை. ஆளுக்கு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று முதல் வரி எழுதியதுமே கேள்விகள் வரிசைகட்டும். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் யார் கணக்கில் ஏறும்? பிறந்த குழந்தைக்கு முழுப் பங்கா, அரைப் பங்கா? மிச்சம் பிடித்ததை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாமா, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா? அளவு தாண்டினால் அபராதமா, குழாயே மூடுமா? முறையிட ஒரு கட்டம் ரசீதில் உண்டா? அந்தக் கட்டம் இல்லாத ரசீது வேறு ஒரு நாட்டைக் காட்டுகிறது, இருக்கும் ரசீது வேறு ஒரு நாட்டைக் காட்டுகிறது. பழைய ரசீதைப் பிள்ளைகள் கேட்பது இதற்காகத்தான். ஒன்றைக் கொடுங்கள், பெயர், முகவரி, இணைப்பு எண் ஆகியவற்றைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஆளுக்கு ஓர் ஏடு போக, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பொது ஏடுகள். ஒன்று காலக்கோடு: கற்பனை செய்த ஆண்டிலிருந்து பின்னோக்கி நடந்து இன்றைக்கு வந்து சேர வேண்டும். எந்த ஆண்டில் எந்த முடிவு எடுத்ததால் இந்த நிலை வந்தது என்று எழுதும்போதுதான் நான்கு பேருக்கும் வாக்குவாதம் சூடுபிடிக்கும், ஏனென்றால் நான்கு எதிர்காலங்களும் இன்று என்ற ஒரே புள்ளியிலிருந்து கிளைவிட்டாக வேண்டும். இன்னொன்று மடிப்பு ஓவியம். 1925 வாக்கில் பாரிஸில் கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்ட் கலைஞர்கள் விளையாட்டாகத் தொடங்கிய முறை இது. தாளை நான்காக மடித்து, முதலில் வரைபவர் தன் படத்தில் ஒரு செ.மீ. மட்டும் தெரியும்படி அடுத்தவரிடம் கொடுப்பார்கள். குழுவேலைக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு: ஒருவர் வரைந்ததில் மற்றவர் கோடு போடக் கூடாது. கேள்வி எழுதி ஒட்டலாம். வரைந்தவர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

இனி அந்தக் கறுப்பு மைக்கு வருவோம். தேர்வுத்தாள் அச்சிடப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் ரிசோகிராஃப் இயந்திரத்தில்தான் இதழை அச்சிடுகிறோம். இயந்திரம் மெல்லிய மாஸ்டர் தாளில் வெப்பத்தால் நுண்துளைகள் இட்டு, அதை டிரம் எனப்படும் மை உருளையில் சுற்றி, துளைகள் வழியே மையைத் தாளில் இறக்கும். ஒரு டிரம்முக்கு ஒரு நிறம்தான். மூலப்படத்தில் எங்கே எவ்வளவு கறுப்பு என்று மட்டுமே இயந்திரம் பார்க்கும். நிறம் என்பது எந்த டிரம்மைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நீலம், பளிச் ரோஜா என்று இரு நிறங்கள் எடுத்திருக்கிறோம். ஆகவே நீலமாக வரவேண்டியதை ஒரு வெள்ளைத் தாளிலும், ரோஜாவாக வரவேண்டியதை அதன்மேல் வைத்த டிரேசிங் தாளிலும், இரண்டையும் கறுப்பிலேயே வரைய வேண்டும். இரண்டும் மேலே மேலே விழும் இடத்தில் ஊதா கிடைக்கும். அடர்கறுப்பு முழு மையாகவும், சாம்பல் புள்ளிகளாகப் பிரிந்து வெளிர்நிறமாகவும் அச்சாகும். மிக மெல்லிய பென்சில் நிழல் அச்சில் காணாமல் போய்விடும். எனவே வண்ணப்பெட்டி எதுவும் வாங்கித் தர வேண்டாம். நல்ல கறுப்பு ஜெல் பேனாவும் ஒரு தடித்த மார்க்கரும் போதும். தூரிகை மை வேண்டாம். ஈரம் பட்டால் டிரேசிங் தாள் நெளிந்து, இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது.

பொருத்தம் எப்படியும் கொஞ்சம் பிசகும். ஒவ்வொரு நிறத்துக்கும் தாள் தனியாக இயந்திரத்துக்குள் போய் வருவதால் 1 மி.மீ. விலகல் சாதாரணம். நீல வட்டத்துக்குள் ரோஜா நிறம் கச்சிதமாக உட்கார வேண்டும் என்று வரைந்தால் நடுவே வெள்ளைப் பிளவு தெரியும். அதனால் ஓரங்கள் 1 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரையச் சொல்லியிருக்கிறோம். எழுத்துகள் எப்போதும் ஒரே நிறத்தில், நீலத்தில் மட்டும். இரண்டு நிறத்தில் போட்டால் படிக்கிறவருக்கு எழுத்து இரட்டையாகத் தெரியும். தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல்: ணி, ஞ, தூ போன்றவற்றின் சுழிகளில் மை நிறைந்து அடைத்துக்கொள்ளும். எனவே எழுத்தளவு 10 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. முழுநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தும் கூடாது. தட்டச்சு யூனிகோடில் மட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பக்கமாக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும், இது திரையில் கண்ணுக்குத் தப்பி அச்சில்தான் பல்லை இளிக்கும். அதனால் ஒவ்வொரு ஏட்டையும் ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுநகலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார்.

மொத்தம் 40 ஏடுகள்: குழுக்களுடையவை 36, முன்னுரையும் பங்களித்தோர் பட்டியலும் 2, வெற்று ஏடுகள் 2. ஏட்டின் அளவு 140 × 200 மி.மீ. ஏ5 அளவைவிடச் சற்றுச் சிறியது. காரணம், இயந்திரம் தாளின் விளிம்புவரை அச்சிடாது. ஓர் ஏ3 தாளில் நான்கு ஏடுகளை 2 மி.மீ. வெட்டு விளிம்போடு அடுக்கினால் இந்த அளவுதான் நிற்கும். ஒரு பிரதிக்கு 10 தாள். இரு பக்கம், இரு நிறம் என்று 40 மாஸ்டர்கள். 120 பிரதிக்கு 1,200 தாள் போதும் என்றாலும் 1,500 வாங்குகிறோம். நிறம் பொருத்திப் பார்ப்பதிலும், தாள் சிக்குவதிலும், மை அப்புவதிலும் மிச்சம் முந்நூறும் கரையும். தாள் பூச்சில்லாத 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை. ரிசோ மை எண்ணெய் கலந்தது. அது உலர்வது தாள் உறிஞ்சுவதால்தான். பளபளப்புத் தாளில் மை உட்கார இடமில்லாமல் நாள்கணக்கில் கையில் ஒட்டும். ஒரு நிறத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு நாள் ஆறவிடுவோம். பக்கம் முழுக்க அடர்மை பூசினால் தாள் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சுருளும், உருளைத் தடமும் விழும். ஆகவே பெரிய கறுப்புப் பரப்புகளைக் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ உடைக்கச் சொல்கிறோம்.

கட்டும் முறையில்தான் இந்த இதழின் சோதனை முயற்சி அடங்கியிருக்கிறது. தைப்பதில்லை, ஒட்டுவதில்லை, இரண்டு திருகாணிகள்தான். இத்தாலியக் கலைஞர் ஃபொர்த்துனாத்தோ டெபேரோ 1927-இலேயே தன் நூலை இரண்டு போல்ட் போட்டு இணைத்தார். எங்களுக்கு அது தேவைப்படும் காரணம் வேறு. பொருள் வாரியாக அடுக்கினால் நீரின் நான்கு எதிர்காலங்களை அடுத்தடுத்துப் படிக்கலாம். திருகாணியைக் கழற்றி வகை வாரியாக அடுக்கினால் ஆறு பொருள்களும் சேர்ந்து சரிவுக் காலத்தின் முழு வாழ்க்கை கிடைக்கும். தனித்தனியாக உட்கார்ந்து வரைந்த ஆறு பேரின் ஏடுகள் அப்போது ஒரே ஊராக நிற்க வேண்டும். நீர்க்குழு குழாயே கிடையாது என்றிருக்க, வீட்டுக்குழு ஷவர் வரைந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். ஐந்தாம் வாரம் முழுவதையும் இந்தக் குறுக்குச் சரிபார்ப்புக்கே ஒதுக்கியிருக்கிறோம். முரண்பாடு வந்தால் ஒருவர் மாற்ற வேண்டும், அல்லது இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று ஏட்டிலேயே எழுத வேண்டும். இரண்டாவது வழி பல நேரம் முதல் படத்தைவிட நல்ல படத்தைக் கொடுக்கும்.

துளைகள் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே, இரண்டுக்கும் நடுவே 80 மி.மீ. இது ஐஎஸ்ஓ 838 என்ற பன்னாட்டுத் தர அளவு; அலுவலகங்களில் இருக்கும் சாதாரண இரட்டைத்துளை பஞ்சிங் மெஷினே இதைப் போடும். வாசகர் எவரும் தன் எதிர்காலத்தை வெற்று ஏட்டில் வரையலாம், புதிய தாளில் துளையிட்டு உள்ளே சேர்க்கவும் செய்யலாம். துளைக்காகக் கட்டும் ஓரத்தில் 22 மி.மீ. காலியாக விட வேண்டும். பின்பக்கத்தில் அந்த ஓரம் வலதுபுறமாகிவிடும். இதை மறந்து இரு பக்கமும் இடதுபுறமே இடம் விட்டால் வரைந்த முகத்தின் நடுவே துளை விழும். வீட்டில் வரையும்போது நீங்கள் நினைவூட்டக்கூடிய ஒன்று இது. திருகாணியின் நீளத்தை முன்கூட்டி முடிவு செய்யவில்லை. கணக்குப்படி கட்டு 7 மி.மீ. வரும், ஆனால் மை ஏறிய தாள் கொஞ்சம் உப்பும். ஒரு மாதிரிப் பிரதியைக் கட்டி, அளந்த பிறகே வாங்குவோம். நீளம் அதிகமானால் ஏடுகள் ஆடி ஆடித் துளை கிழியும்.

வீட்டிலிருந்து படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்ப வேண்டாம். செயலி அதைச் சுருக்கிவிடுவதால் கோடுகள் பொடிப்பொடியாகும். தாளையே கையில் கொடுத்தனுப்புங்கள், மடிக்காமல். பள்ளியில் 600 பிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 படப்புள்ளிகள்) ஸ்கேன் செய்வோம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உருவாக்கும் படங்களை இதழில் ஏற்கமாட்டோம். ஏற்கெனவே உள்ள எதிர்காலப் படங்களிலிருந்து கற்றவை அவை. எந்தப் பழகிய படத்தைத் தவிர்க்க விதி வைத்தோமோ அதையே திருப்பிக் கொடுக்கும். இணையப் படங்களை அப்படியே நகலெடுப்பதும் கூடாது. பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அடியில் வைத்துக் கோடு இழுக்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. பிள்ளையின் படத்தைத் திருத்த வேண்டாம், ‘இப்படி வரைந்தால் நன்றாயிருக்கும்’ என்று கோடு போட்டும் காட்ட வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் பதினாறாம் வயதில் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று நினைத்தீர்கள், அதில் எது நடக்கவில்லை, யாருமே எதிர்பாராத எது நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் சொல்லட்டும். காலக்கோடு எழுத இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடையாது.

சரிவை வரைகிற பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நோய், வறட்சி, போர் என்று வாரக்கணக்கில் யோசிப்பது சிலருக்குப் பாரமாகலாம். வீட்டில் அண்மையில் ஓர் இழப்பு நேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக. தூக்கம் குறைந்தாலோ பேச்சு குறைந்தாலோ ஓவிய ஆசிரியரிடமோ என்னிடமோ தயங்காமல் சொல்லுங்கள். எந்த வாரத்திலும் கட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், மதிப்பெண் குறையாது.

வெட்டும் வேலை அனைத்தும் பள்ளியில், ஆசிரியர் முன்னிலையில், இரும்பு அளவுகோல் வைத்துத்தான் நடக்கும். கட்டர் கத்தி கொண்டுவரச் சொன்னதாகப் பிள்ளை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு பிரதிகள் கிடைக்கும். மீதி 72 நம் நூலகத்துக்கும் பிற பள்ளி நூலகங்களுக்கும். விற்பனை கிடையாது. படங்களின் உரிமை வரைந்தவருக்கே. வீட்டுக்கு வரும் பிரதியை வெயில் படும் சன்னலோரம் வைக்காதீர்கள், ரோஜா நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். விரலில் கொஞ்சம் மை ஒட்டினால் அது குறைபாடு அல்ல.

இணைப்பில் உள்ள ஒப்புதல் படிவத்தில், பிள்ளையின் முழுப்பெயரை அச்சிடலாமா, முதலெழுத்து மட்டுமா, பெயரே வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டபின் குறித்து, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். பள்ளி முடிந்தபின் தங்குவதில் போக்குவரத்துச் சிரமம் இருந்தால் அதே படிவத்தின் கீழே எழுதுங்கள். அந்தக் குழுவின் வேலை நேரத்தை மதிய இடைவேளைக்கு மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

இணைப்பு: ஒப்புதல் படிவம்