அக்காவுக்கு: தாலிக்கொடியைக் கெட்டியாக்க மாட்டேன்

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிற வெள்ளியோடு ஒரு வருஷம். வண்டியில் வந்தவன் உன் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்ததற்கு. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு ஆட்கள் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் சில இடங்களைத் தொடாமல் தாண்டிப் போவேன்.

பாப்பாவிடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "தோள் சரியாயிடுச்சு, கொடியத் திரும்பப் போட்டுக்கப் போறேன், மாமாகிட்ட இன்னும் கெட்டியாப் பண்ணித் தரச் சொல்லு." போட்டுக்கொள். கெட்டி பண்ணித் தர மாட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் நீ உட்கார்ந்திருந்த கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை. வலது கை தூளிக்கட்டில். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, அதில் கொடியின் முறுக்கு கண்ணி கண்ணியாக, அச்சில் வைத்து அமுக்கியதுபோலப் பதிந்திருந்தது. பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் இடது கையால் கொடியைத் தூக்கிக் காட்டினாய். "எந்தம்பி பத்த வச்ச வேலை. வண்டியில இருந்துகிட்டு இழுத்தும் அறுகல பாரு. நாலரைப் பவுனும் முழுசா இருக்கு." சின்ன அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த நர்ஸ் பெண்கூட எட்டிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடுங்க" என்றாள்.

அறுந்திருந்தால் நீ விழுந்திருக்க மாட்டாய் அக்கா. பதினைந்தடி இழுபட்டிருக்க மாட்டாய். காறை எலும்பு உடைந்திருக்காது. அத்தான் அன்றைக்கே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை.

வேலையை விளக்கிவிடுகிறேன். அம்மா காலத்தில் அந்தக் கொடியின் இரண்டு முனையிலும் இருந்தது அரை மில்லிமீட்டர் கம்பியில் சுற்றிய வளையம். வாய் மூடியிருக்கும், பற்று கிடையாது, அதாவது உருக்கி ஒட்டியிருக்காது. அதில்தான் எஸ் கொக்கி மாட்டும். இரண்டு தடவை கழன்றது, ஒரு தடவை குளியலறையில் கிடந்தது என்று நீதான் கொண்டுவந்தாய். அந்த வளையங்களை எடுத்துவிட்டு ஒரு மில்லிமீட்டர் கம்பியில் புதிதாகச் சுற்றி, பற்றுப் பொடி வைத்து ஊதி உருக்கி, வாயை அடைத்தாயிற்று. கொக்கியின் ஒரு பக்கத்தையும் சேர்த்துப் பற்ற வைத்தாயிற்று. (பொடி வச்சுப் பேசுறேன் என்று என்னை வைவாயே, அது இந்தப் பட்டறைப் பொடிதான்.) கேட்டது நீ, செய்தது நான். கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் கொடுத்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். சங்கிலி அறுந்து திரும்பி வந்தால்தான் ஆசாரிக்குக் கெட்ட பெயர்.

ஆனால் கணக்கைப் பார். கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்காகிறது. 22 காரட்டில் ஒரு மில்லிமீட்டர் கம்பி, வாய் பற்றிய வளையம், ஏறக்குறைய முப்பது கிலோ வரை தாங்கும். பற்று வைக்காத அரை மில்லிமீட்டர் வளையமோ அறுவதற்கு முன்னாலேயே, அதில் சின்னப் பங்கு இழுப்புக்கே வாயைத் திறந்துவிடும். கழன்று கழன்று விழுகிறது என்று நீ குறை சொன்ன அந்த வளையம்தான் அம்மாவை முப்பது வருஷம் காப்பாற்றியது. அதை எடுத்துவிட்டு, முதலில் விட்டுக்கொடுக்க வேண்டிய இடமே இல்லாத கொடியை உன் கழுத்தில் மாட்டியாயிற்று. வண்டி ஓடுகிற வேகத்தோடு ஒருத்தன் இழுக்கும்போது ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். கொடி விடவில்லை, உன் எலும்பு விட்டது. மன்னித்துவிடு.

அதே சமயம் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஏன் கையால் பிடித்தாய்? நீ பிடிக்காமல் கொடி கழுத்தில் மட்டும் இருந்திருந்தால்கூட அவன் கை வழுக்கியிருக்கலாம். இரண்டு கையாலும் தாலியை இறுக்கிக்கொண்டு அவனோடு ஓடினாய் என்று எதிர்வீட்டுக் கேமராவில் பார்த்தோம். தாலியை எப்படிடா விடுறது என்பாய். சரி. அம்மா கொடி யாருக்கு என்று பேச்சு வந்த அன்றைக்கும் நீ இப்படித்தான் இறுக்கிப் பிடித்தாய். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதாவிட்டாலும் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

புது வேலை இப்படி இருக்கும். தாலி, குண்டு, காசு, மாங்காய் எல்லாவற்றையும் கொடியிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துவிடு. கயிறு ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே ஒரு நூலும் தெரியக்கூடாது. முறுக்கிய கயிறு லேசில் அறாது. வெளியே தெரிந்து எவனாவது பிடித்தால் கொடியைவிட மோசமாக இழுக்கும். கயிற்றில் ஊக்கு, சாவி எதையும் மாட்டாதே. கொடியைத் தனியாக, தாலி இல்லாமல், வெறும் சங்கிலியாகப் போட்டுக்கொள். அப்போதுதான் போனால் போகட்டும் என்று கை விடும். உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன்.

கொடியில் இரண்டு பக்கமும், தோளிலிருந்து நாலு விரல் கீழே, ஒவ்வொரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு அரை மில்லிமீட்டர் கம்பியில் பற்றில்லாத வளையம் போடுவேன். பிடரியில் ஒன்று மட்டும் போட்டால் போதாது. முன்னாலிருந்து இழுக்கும்போது சங்கிலி பிடரியில் அழுந்திக்கொள்ளும், இழுப்பு முழுசாக அங்கே போய்ச் சேராது. இரண்டு பக்கமும் இருந்தால் அவன் எந்தப் பக்கம் பிடித்தாலும் அந்தப் பக்கம் திறந்துவிடும். கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பேன். நாலு கிலோவுக்குள் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கம்பியை மெலிசாக்குவேன். திறந்த வளையத்தை மறுபடி மூடிப் பயன்படுத்தக் கூடாது, ஒரு தடவை விரிந்து மூடிய தங்கம் இறுகிப்போய் வேறு விதமாக நடந்துகொள்ளும். பத்து வளையம் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டுத் தருகிறேன்.

இதில் ஒரு தொந்தரவு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேரன் தொங்கினால் திறக்கும். தலைவழியே உடுப்பைக் கழற்றும்போது மாட்டினால் திறக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வளையம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது "தம்பி வேலை சரியில்ல" என்று ஊரெல்லாம் சொல்வாய். சொல்லிக்கொள்.

சின்ன அத்தை கவரிங் வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம். சிதம்பரம் கவரிங் அருமையாகத்தான் இருக்கும், அதில்தான் ஆபத்து. பைக்கில் வருகிறவன் உரசிப் பார்த்துவிட்டா இழுக்கிறான்? தூரத்தில் மஞ்சளாக மின்னினால் போதும். உள்ளே பித்தளை இருந்தால் அது தங்கத்தைவிடச் சுலபத்தில் அறாது. பணம் போகாது, கழுத்து போகும். நாலரைப் பவுனைக் கழற்றிவிட்டு உள்ளே கூடாக இருக்கிற ஒரு பவுன் ஹாலோ சங்கிலி போட்டுக்கொள்வதும் இதே கதைதான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பருமன். நஷ்டம் குறையும், கண் வைப்பது குறையாது. தெரியாமல் மூடுவது ஒன்றுதான் கண்ணைத் திருப்பும்.

ஊக்கு விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. கும்பாபிஷேகக் கூட்டத்தில் போலீஸே ஊக்கு கொடுத்து, சங்கிலியை ஜாக்கெட்டோடு குத்திக்கொள்ளச் சொல்வதுண்டு. அது சரி. கூட்டத்தில் கத்தரித்து உருவுகிறவன் உன்னை இழுக்க மாட்டான், ஊக்கு இருந்தால் சங்கிலி நழுவாமல் நிற்கும். அதையே விடியற்காலையில் கோலம் போடும்போதும் நடக்கப் போகும்போதும் குத்திக்கொள்ளாதே. அங்கே வருகிறவன் வண்டியில் வருகிறான். ஊக்கு உன்னையும் அவனையும் சேர்த்துக் கட்டிவிடும். வாக்கிங்குக்கு வெறுங்கழுத்தோடு போ. வெறுங்கழுத்து என்று எதிர்வீட்டு மாமி பேசினால் பேசட்டும். கயிறு உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. எதிரே வண்டி வருகிற பக்கமாக நட. வழி கேட்டு வண்டியை ஓரம் கட்டுகிறவனிடம் கிட்டே போகாமல் கையைக் காட்டிவிட்டு நடையைக் கட்டு. காதில் மாட்டலும் ஜிமிக்கியும் கல்யாணத்துக்கு மட்டும், மடல் கிழிந்தால் தையல் போட்டாலும் தழும்பு நிற்கும்.

"எல்லாரையும் புடிச்சாச்சே" என்று நீ சொன்னதாகப் பாப்பா சொன்னாள். 2025 மார்ச் 25 காலையைச் சொல்கிறாய். சென்னையில் அடுத்தடுத்து எத்தனை இடத்தில் சங்கிலி பறித்தார்கள் என்று நினைத்துப் பார். காலையில் பறித்துவிட்டு விமானம் ஏறப் போனவர்களை விமான நிலையத்திலேயே மடக்கினார்கள், மறுநாள் விடியலில் ஒருவன் தரமணியில் என்கவுன்ட்டரில் செத்தான். அதற்குப் பிறகும் அதே வருஷம் அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறும்போது ஆட்கள் புதிதாக வருவார்கள், பழைய ஆட்களைப் பிடித்து என்ன?

உன்னிடம் எனக்கு இன்னும் ஆறாதது, நீ கேஸ் கொடுக்காமல் வந்தது. "சங்கிலிதான் இருக்கேம்மா, எதுக்கு" என்று சொன்னார்களாம், நீயும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாய். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பதற்கே 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது, மூன்று வருஷம் வரை. அது பொருள் போனால். உன் விஷயம் அதைவிடப் பெரிது. பறிக்க முயன்று காயம் உண்டாக்கினால் 309-இல் ஆயுள் வரை இடமிருக்கிறது, பொருள் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம், எல்லை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நகலை இலவசமாகத் தர வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் சொல்கிற சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பினால் அது எஃப்ஐஆர் இல்லை. உடைந்த எலும்பின் எக்ஸ்ரே உன்னிடம் இருக்கிறது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அத்தானும் எழுந்து கேட்கவில்லை. இதை அவர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

இன்னும் இரண்டு வேலை. அம்மா கொடி பழசு, அதில் ஹெச்யூஐடி கிடையாது, ஹால்மார்க்கோடு நகைக்கு நகை தனியாகப் பொறிக்கிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாளம் அது. பிடிபட்ட நகைகளோடு கிடந்தால் உன்னுடையது என்று சொல்ல ஒரு எண்ணும் இல்லை. அதனால் கொடியை வெள்ளைத் துணியில் விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கண்ணி தெரிகிற மாதிரிக் கிட்டத்தில் நாலு படம் எடு. தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒன்று. நீ 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய வளையல்களில் எண் இருக்கும், லென்ஸில் பார்த்து எழுதிக்கொண்டு பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுச் சரிபார். பில்லை நகையோடு ஒரே டப்பியில் வைக்காதே. நகை போகும்போது பில்லும் சேர்ந்து போகும்.

லாக்கர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதே. 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டோ தீயோ நடந்து தப்பு வங்கி மேல் என்றால், வருஷ வாடகையைப் போல நூறு மடங்குதான் அதிகபட்சப் பொறுப்பு. வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். சவரன் 90,000 என்று வைத்தாலே மூன்று பவுனுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். உள்ளே உன் பாதிச் சீதனம் இருக்கிறது. வீட்டு இன்ஷூரன்ஸில் நகையைத் தனியாக எழுதிச் சேர்க்கலாம். வீட்டுக்கு வெளியே போட்டுக்கொண்டு போகும்போதும் செல்லுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கு. பல பாலிசியில் வாசல் தாண்டினால் செல்லாது.

உன் கழுத்தில் அந்தக் கோடு மறைந்துவிட்டதாம். பாப்பா சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை, வந்து பார்க்கிறேன்.

கொடியைக் கூரியரில் அனுப்பாதே. நீயும் எடுத்துக்கொண்டு வராதே. கோவை எக்ஸ்பிரஸில் அத்தானை வரச் சொல், ஏசி சேர் காரில். ஜன்னல் திறக்கிற பெட்டி வேண்டாம், சிக்னலுக்கு நிற்கும்போது கை உள்ளே வரும். கொடியைச் சட்டைப் பைக்குள் இல்லாமல், கைக்குட்டையில் சுற்றிப் பனியனுக்கு உள்ளே ஊக்கு போட்டு வைத்துக்கொள்ளட்டும். அங்கே ஊக்கு போடலாம். ஜங்ஷனில் நான் நிற்பேன். அன்றைக்கே வேலையை முடித்து, தராசில் மாட்டி வாய் திறக்கிறதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்து அனுப்புகிறேன்.

தம்பி