ஞாயிறு சந்திப்பு: பிள்ளைகள் தரும் பரிசு

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்கு இத்தாலியின் ஸ்ட்ரேகா சிறார் இலக்கியப் பரிசைப் பற்றிப் பேசலாம். ஸ்ட்ரேகா என்றால் சூனியக்காரி. பெனவென்டோ ஊரில் குங்குமப்பூ சேர்த்துத் தயாராகும் மஞ்சள் மதுவின் பெயர் அது. அந்த மதுவைத் தயாரித்த குடும்பம் பணம் கொடுத்து உதவியதால் பரிசுக்கும் அதே பெயர். பெரியவர்களுக்கான பரிசு 1947-இல் தொடங்கியது, சிறாருக்கானது 2016-இல்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் முறைதான். பெரியவர்கள் புத்தகங்களின் இறுதிப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம் பள்ளிப் பிள்ளைகளே படித்து வாக்களிப்பார்கள். இத்தாலிய மொழிக்கு வந்த வெளிநாட்டுக் கதைகளும் போட்டியில் உண்டு.

வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள். ஆளுக்கொரு கதைப்புத்தகம் கையில் இருக்கட்டும். அது ஏன் பிடித்தது என்று அவர்களே சொல்லட்டும், நாம் குறுக்கே பேச வேண்டாம்.